ஒரே ஆளின் இரண்டு கண்கள்

எங்கள் வீட்டில் செய்த மரப்பொம்மை எதுவும் உங்களை நேராகப் பார்க்காது. விழுப்புரம் ஜங்ஷனில் வாங்கிக்கொண்டு போனவர்கள் அதைக் கைத்தவறு என்று நினைத்திருப்பார்கள். சிலர் என் காதுபடவே, "எழுதினவளுக்கு மாறுகண்ணு போல" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. அது வீட்டு வழக்கம். ஒரு பொம்மைக்கு ஒரே ஆளின் இரண்டு கண்ணையும் எழுதக்கூடாது. வலது கண்ணை ஒருவரிடமிருந்து எடுத்தால் இடது கண்ணை வேறொருவரிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

நாங்கள் செய்தது கேலிப்பொம்மை. தொப்பையைக் கையில் தாங்கிக்கொண்டு நிற்கும் மணியக்காரர், காதில் பேனா செருகிய கோர்ட்டு குமாஸ்தா, முகத்தைவிட மூக்கு நீண்ட வைத்தியர், தொப்பிக்குள் தலை காணாமல் போன துரை, ஊதலை விழுங்கிவிட்ட மாதிரி கன்னம் உப்பிய போலீஸ்காரர். எல்லாம் ஊரில் நடமாடுகிற ஆட்கள். மூக்கை நீட்டலாம், காதை முறமாக்கலாம், அதனால் யாருக்கும் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவரின் இரண்டு கண்ணையும் அப்படியே எழுதிவிட்டால் அந்த ஆள் அதில் வந்து உட்கார்ந்துவிடுவார் என்பது என் மாமனார் வீட்டு நம்பிக்கை. அப்புறம் ஏதாவது குழந்தை அதன் காலை ஒடிக்கும், அடுப்பில் போடும். அந்தப் பாவம் கண் எழுதினவள் தலையில்தான் விடியும். கோயில் சிலைக்குக் கண் திறந்தால் சாமி வருகிறதே, ஆசாமி மட்டும் வரமாட்டானா என்று என் மாமியார் கேட்பாள். கிளியனூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த புதிதில் இதைக் கேட்டு நான் முந்தானைக்குள் சிரித்திருக்கிறேன்.

முப்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாமனார் கல்யாண முருங்கை மரத்தில் பொம்மை செதுக்குவார். புளியங்கொட்டைக் கூழில் சுண்ணாம்பு குழைத்துப் பூசுவதும் வர்ணம் அடிப்பதும் என் வீட்டுக்காரர் வேலை. கண் எழுதுவது மாமியார். அவளுக்கு வெள்ளெழுத்து வந்ததும் அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையையும் மைச்சிரட்டையையும் என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்படி எழுது, அப்படி எழுது என்று ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதிய முதல் பத்துப் பொம்மைகள் பேய் பிடித்தவை போல முழித்தன. அவையும் விற்றுப்போயின.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் என் எதிரில் வந்து உட்கார ஆரம்பித்தார். ஊரில் ஒருவரை விடாமல் நடித்துக் காட்டுவார் அவர். இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொள்வார். இரண்டையும் நான் எடுத்துவிடக் கூடாதே, அதற்காக. திறந்திருக்கிற வலது கண்ணை மட்டும் உருட்டுவார், சுருக்குவார், சொருகுவார்.

"இன்னா கண்ணு வேணும் சொல்லு. குடிகாரன் கண்ணா, கோயில் தர்மகர்த்தா கண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதான், ஏதாவது ஒண்ண காட்டுங்க" என்பேன் நான்.

எழுதும்போது சிரித்தால் மை இழுத்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுவேன். இப்படி நாங்கள் விற்ற பொம்மைகளுக்கெல்லாம் ஒரு கண் அவர் காட்டிய கண், மறு கண் நான் எங்கேயாவது பார்த்து மனசில் வாங்கிவந்த கண். தண்ணீர்க்காரி கண்ணும் இருக்கும், டிக்கெட் பரிசோதகர் கண்ணும் இருக்கும். சென்னைக்கும் திருச்சிக்கும் ரயிலேறிப் போன அத்தனை பொம்மைகளிலும் அவருடைய வலது கண் இருந்தது. குழந்தை இல்லை எங்களுக்கு. அந்தக் குறையைப் பகலில் பேசிக்கொள்ளாமல் இருக்க இந்த விளையாட்டு உதவியது என்று இப்போது தோன்றுகிறது.

என் வாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்குக் கோபம் மூக்குநுனியில். கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா, "நுணலும் தன் வாயால் கெடும்டி, அத்த ஞாபகம் வெச்சிக்கோ" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினாள். நான் எங்கே ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

சண்டை வந்தது. உலகச் சண்டையைச் சொல்கிறேன். ஜங்ஷனில் பட்டாளத்து ரயில் நின்று நின்று போனது. ஒரு மத்தியானம் காக்கி அரைக்கால் சட்டையும் கையில் குடையுமாக ஓர் ஆள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறவன். திண்டிவனம் பக்கத்து ஆள்தான் என்று பேச்சில் தெரிந்தது. தண்ணீர் கேட்டான். நான்தான் சொம்பைக் கொடுத்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் கண்ணைப் பார்த்தேன். எந்தக் கண்ணைப் பார்த்தாலும் எடுத்து வைத்துக்கொள்கிற புத்தி எனக்கு அப்போது வந்துவிட்டிருந்தது. மேலிமை இரண்டும் பாதிக்கு விழுந்து, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி இருந்தான். இடது கண் வெள்ளையில், மூக்கோரமாக, கடுகளவு ஒரு சிவப்புப் பொட்டு. வாய் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை.

"ஆச்சாரி வேலைக்கு ஆளு வேணும்னு தொரைங்க கேட்டுக்கினு இருக்காங்க பெரியவரே" என்றான் மாமனாரிடம். "துப்பாக்கிய தொடவே வாணாம். மரம் அறுக்கறது, பாலம் கட்டறது, அவ்ளோதான். கப்பல்ல போலாம், நாலு ஊரு பாக்கலாம்."

மாமனார் உளியை விட்டுத் தலை நிமிரவில்லை. மாமியார் உள்ளேயிருந்து, "அதெல்லாம் வாணாம், எங்களுக்கு இருக்கிறது ஒரே புள்ள" என்றாள். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நின்று, கையில் இருந்த வர்ணத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, பட்டாளத்துக்காரன் மாதிரி ஒரு சலாம் வைத்தார். அன்றைக்குக் காலையிலிருந்து அவருக்கும் எனக்கும் ஆகவில்லை. சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வர்ணம் அடித்து ஒரு பலகை நிறையப் பொம்மை உரிந்து கிடந்தது. அதைச் சுரண்டிக்கொண்டு நான் எரிச்சலில் இருந்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பி, "இன்னா சொல்ற, போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அந்த ஆளைப் பார்த்துச் சொன்னேன்.

"நல்லா இட்டுக்கினு போங்க. எனக்கு ஒரு பேஜாரு கொறையும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். மாமியார் மட்டும், "ஏண்டி, உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவர் கிளம்பிவிட்டார். நான் சொன்னதற்காகப் போனாரா, போக நினைத்தவருக்கு நான் சொன்னது சாக்காகிவிட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ரயிலடியில், "நான் வெளையாட்டுக்கு சொன்னங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள். வெட்கம் வந்து தடுத்தது. திட்டுவதற்கு வராத வெட்கம் இதற்கு வந்தது பாருங்கள். வண்டி நகரும்போது அவர் ஜன்னலில் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணை உருட்டிப் போலீஸ்காரர் கண் காட்டினார். நான் கடைசியாகப் பார்த்தது அந்த ஒற்றைக் கண்ணைத்தான்.

மலேயாவிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. சிங்கப்பூர் விழுந்தது என்று ஊரெல்லாம் பேச்சானபோது கடிதம் நின்றது. பிறகு ஒரு காகிதம் வந்தது. தபால்காரரே படித்துச் சொன்னார். காணவில்லை என்று போட்டிருந்தது. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. காணவில்லை. வீட்டில் வைத்த உளி காணவில்லை என்றால் தேடலாம். கடலுக்கு அந்தண்டை காணாமல் போனவரை நான் எங்கே போய்த் தேடுவது.

சண்டை முடிந்தது. சிறைபிடிபட்டவர்கள், காட்டு வழியே நடந்தே வந்தவர்கள் என்று ஒவ்வொருவராக விழுப்புரத்தில் வந்து இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக ஒருவர், தாடியோடு ஒருவர். நான் பொம்மைத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் போனேன். பொம்மை விற்கப் போகிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். இறங்குகிற ஒவ்வொரு ஆளின் கண்ணையும் பார்ப்பேன். தாடி மாறலாம், உடம்பு வற்றலாம், கண் மாறாது என்பது எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். ஒருநாள் ஒரு சிப்பாய், "இன்னாம்மா, மொறைச்சிக்கினே இருக்க?" என்று கோபித்துக்கொண்டான். ஒரு வருஷம் போனது. இன்னொன்றும் போனது.

என் நாத்தனாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் வயதுப் பெண்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தன. திண்டிவனத்திலிருந்து ஓர் இடம் வந்தது. நல்ல இடம், பையனுக்கும் மர வேலைதான். பேச்செல்லாம் முடிகிற நேரத்தில் பையனின் அப்பா செருமினார்.

"பொண்ண ஒரு கொறையும் சொல்லலிங்க. ஆனா புள்ள இருக்கானா இல்லியான்னு தெரியாத வூட்ல எப்பிடி சம்பந்தம் பண்றது? தாலி கட்ற அன்னிக்கி சாவு சேதி வந்தா இன்னா பண்றது? ஒண்ணு அவரு வரணும். இல்ல, காரியத்த முடிச்சிடுங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

உடம்பு கிடைக்காமல் போனவர்களுக்கு மற்ற வீடுகளில் வைக்கோலில் ஆள் செய்து எரிப்பார்கள். எங்கள் வீட்டில் மரத்தில் செய்து எரிப்பார்கள். அதற்கு மட்டும் அந்த விதி தலைகீழ். செத்துப்போனவரின் இரண்டு கண்ணையும், வலதும் இடதும், அப்படியே எழுத வேண்டும். எழுதினால்தான் அது அவர். எழுதாமல் கொளுத்தினால் அது விறகு. எழுதுகிறவள் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், அது நான்தான். நான் எழுதினால் அவர் செத்தவர், நான் தாலி அறுத்தவள். எழுதாவிட்டால் அந்தப் பெண் கடைசிவரைக்கும் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவள் என்னிடம் வந்து அழுதிருந்தால், ஒரு சண்டை போட்டிருந்தால், முடியாது போடி என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் கிணற்றடிக்குப் போகும்போது குடத்தை வாங்கிக்கொண்டு அவளே தண்ணீர் இழுத்தாள். மூன்று நாள் அப்படியே இழுத்தாள். நான்காம் நாள் மாமனாரிடம் போய், "மரம் எடுங்க மாமா, நான் எழுதறேன்" என்று சொல்லிவிட்டேன்.

மாமனார் கல்யாண முருங்கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்தார். அவர் செதுக்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகக் கேலிப்பொம்மை செய்த கை. முதலில் செதுக்கியதற்குக் காது பெரிதாக வந்துவிட்டது. தூர வைத்துப் பார்த்தார், அடுப்பில் போட்டார். இரண்டாவதற்கு மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அதுவும் அடுப்பில் போனது. மூன்றாவது துண்டை இரண்டு நாள் வைத்துக்கொண்டு மெதுவாகச் செதுக்கினார். கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தொப்பை தள்ளி, தாடை நீண்டு, யாரையோ கிண்டல் பண்ணத் தயாராக நிற்கிற மாதிரி இருந்தது. நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன், முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன்.

"எனக்கு வேற மாரி வரமாட்டன்னுதும்மா" என்றார் மாமனார். "நேரா ஒரு மொகம் செய்ய என் கைக்குத் தெரியல. பெத்த புள்ளைக்கின்னாக்கூட வரல."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது.

மறுநாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கண் எழுதும்போது யாரும் பேசக்கூடாது, யாரும் எதிரில் நிற்கக்கூடாது. விளக்குக் கரியில் வேலம்பிசின் குழைத்து மை எடுத்தேன். தூரிகையைத் தொட்டேன். அன்றைக்கு எனக்கு அவர் கண் ஞாபகம் இருந்தது. இரண்டு கண்ணும் ஞாபகம் இருந்தது, பொத்தாமல், நடிக்காமல், தூக்கக் கலக்கத்தில் காலையில் என்னைப் பார்க்கிற கண். அது நிச்சயம். அதை நான் அந்த மரத்தில் எழுதியிருக்கலாம்.

எழுத மாட்டேன் என்று தோன்றியது. இவர்களுக்கு வேண்டியது ஒரு ஜோடிக் கண். அதற்காக என் புருஷனை என் கையாலேயே மரத்தில் உட்காரவைத்து, என் கையாலேயே கொளுத்தக் கொடுப்பேனா? எங்கேயோ ஒரு காட்டில், ஒரு ஆஸ்பத்திரியில் அவர் உயிரோடு கிடந்தால்? நான் எழுதி, இவர்கள் கொளுத்தி, அதனாலேயே அவர் போய்விட்டால்? ஒருமுறை வாயால் அனுப்பியது போதாதா?

வேறு யார் கண் என்று யோசிக்கக்கூட இல்லை. அது தயாராகத் தூரிகை நுனியில் இருந்தது. பாதி விழுந்த மேலிமை. தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட பார்வை. ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்ததுதான், ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால். ஒரு முடி பிசகாமல் வந்தது. பிடித்தவர் முகத்தை மறந்தாலும் மறக்கலாம், பிடிக்காதவன் முகம் மறப்பதில்லை. வலது கண்ணை எழுதினேன், இடது கண்ணை எழுதினேன். இரண்டும் அவனுடையது. உயிரோடு இருக்கிறவனின் இரண்டு கண்ணையும் எழுதி நெருப்பில் வைக்கக் கொடுத்தால் அது கொலை என்று அந்த வீட்டில் வாழ்ந்த எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினேன். எரியட்டும் என்று நினைத்தேன். என் புருஷனை இட்டுக்கொண்டு போனவன் அவர் இடத்தில் எரியட்டும். இட்டுக்கொண்டு போங்கள் என்று சொன்னவள் யார் என்பதை அந்த நேரத்தில் சௌகரியமாக மறந்துவிட்டேன்.

கடைசியில் சிவப்புப் பொட்டு பாக்கி இருந்தது. சிவப்பு மை குழைக்கவில்லை. என் நெற்றியில் இருந்த குங்குமத்தைத் தூரிகை நுனியால் தொட்டு, இடது கண் வெள்ளையில், மூக்கோரமாக வைத்தேன்.

மாமனார் வந்தார். எந்தப் பொம்மையையும் கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்ப்பது அவர் பழக்கம். அப்படியே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் பெற்ற பிள்ளையின் கண் அவருக்குத் தெரியாதா? அந்தச் சிவப்புப் பொட்டில் அவர் பார்வை நின்றதை நான் பார்த்தேன்.

"ரெண்டும் ஒரே ஆளுதுதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா."

தோளில் இருந்த துண்டை எடுத்து அதை மூடினார். "சரி" என்றார். அவரும் தன் பிள்ளையைக் கொளுத்த விரும்பவில்லை என்று அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை.

முற்றத்தில் மணைப்பலகை போட்டு அதைக் கிடத்தினார்கள். மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வெள்ளெழுத்துக்காரி, கிட்டே குனிந்து பார்த்தாள். ஐயோ, இது எம்புள்ள இல்லியே என்று கத்தப்போகிறாள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பிடியே பாக்கிறியே எஞ்சாமி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். "தூங்கி எழுந்த மாரியே பாக்கிறியே."

ஆம்பிளைகள் அதைத் தென்பெண்ணை ஆற்றங்கரைக்கு எடுத்துப்போனார்கள். கல்யாண முருங்கை லேசான மரம், சீக்கிரம் எரிந்துவிட்டது என்று வந்தவர்கள் சொன்னார்கள். பத்தாம் நாள் எனக்கு என்னென்ன செய்வார்களோ எல்லாம் செய்தார்கள். கழுத்தில் இருந்ததை எடுத்தபோதும் நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஒருத்தி சொன்னாள். நான் உள்ளுக்குள் ஒரு கெட்டிக்காரி போல இருந்தேன். எடுத்துக்கொள்ளுங்கள், எவனோ ஒருவனுக்குத்தானே எடுக்கிறீர்கள், என்னுடையவர் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனார் கல்யாணம் திண்டிவனத்தில் நடந்தது. நான் சமையல்கட்டில் இருந்தேன்.

அவர் வரவில்லை. நான் அதற்குப் பிறகும் கண் எழுதிக்கொண்டிருந்தேன். மாமனார் மறு வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டார், செதுக்கி வைத்திருந்தவை மட்டும் இருந்தன. ஒரு மத்தியானம் ஒரு வைத்தியர் பொம்மைக்கு வலது கண் எழுத வேண்டியிருந்தது. வழக்கம் போல அவரை மனசில் எதிரே உட்காரவைத்தேன். சட்டை தெரிந்தது. வர்ணம் ஒட்டிய நகம் தெரிந்தது. இடது கண்ணைப் பொத்திய உள்ளங்கை தெரிந்தது. திறந்திருந்த வலது கண்ணின் மேலிமை பாதிக்கு விழுந்திருந்தது.

சீ என்று தலையை உதறிக்கொண்டேன். மறுபடி நினைத்தேன். ரயில் ஜன்னலை நினைத்தேன், போலீஸ்காரர் கண் காட்டியதை நினைத்தேன். அதே இமை. கல்யாணத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து ஓரமாகப் பார்த்ததை நினைத்தேன். வெள்ளையில் கடுகளவு சிவப்பு. அவ்வளவு கவனமாக, மூச்சை அடக்கி, ஒரு முடி பிசகாமல் அந்த இரண்டு கண்ணையும் என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறேன். கை எழுதியது மனசில் ஊறிவிட்டது. போட்டோ ஒன்று கூட இல்லை எங்களிடம். அடுப்படிக்கு ஓடினேன்.

"அத்த, அவரு கண்ணு எப்பிடி இருக்கும்?"

மாமியார் என்னைப் பார்த்தாள். பைத்தியமா உனக்கு என்கிற மாதிரி.

"நீதானடி எழுதின. அதே மாரிதான் இருக்கும்."

கேட்பதற்கு வேறு யார் இருந்தார்கள்? நாத்தனாரிடம் கேட்டேன். "அண்ணனுக்கு சிரிச்ச மொகம்" என்றாள், கண் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சென்னைக்கும் திருச்சிக்கும் போன பொம்மைகளில் அவர் வலது கண் இருக்கும். அவற்றை வாங்கியவர்களை எங்கே தேடுவேன், அதுவும் அவர் நடித்துக் காட்டிய கண்தானே, அவருடையதா? அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் அழித்துவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நாற்பதுகள் முடிகிற சமயம் என் அம்மாவைப் பார்க்கக் கிளியனூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். அம்மா அவித்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், ஒரு துணியில் கட்டிக் கொடுத்திருந்தாள். நல்ல வெயில். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு ஆள் குடையைக் காலிடுக்கில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காக்கி இல்லை, அழுக்கு வேட்டி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குடையைப் பிடித்திருந்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எரியவில்லை அவன். ஒரு காய்ச்சல்கூட வந்திருக்காது. அவனுக்கென்று நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. விழுப்புரத்தில் தண்ணீர் குடித்தாயே, அந்த வீட்டு ஆம்பிளை எங்கே என்று கேட்க வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்து, நாலு பேர் பார்க்கக் கேட்க வேண்டும். மூட்டையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தேன். அவன் முன்னால் போய் நின்றேன். நிழல் விழுந்ததும் அவன் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

பாதி விழுந்த மேலிமை. இடது கண் வெள்ளையில், மூக்கோரமாக, கடுகளவு சிவப்பு. எத்தனை ராத்திரி, எத்தனை பகல் நான் நினைத்து நினைத்து அழுத கண். அது உயிரோடு, ஈரத்தோடு, என்னைப் பார்த்தது. வந்துட்டீங்களா என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். யார் என்றும் தெரியும். தெரிந்து என்ன, முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"யாரும்மா? தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான்.

வாயைத் திறந்தேன்.

"சாப்டீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. காத்தாலேர்ந்து பஸ்ஸுக்கு ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றார்.

மூட்டையை அவிழ்த்து மல்லாட்டையை அவர் துண்டில் கொட்டினேன். அவர் ஒவ்வொன்றாக உரித்துத் தின்றார். விழுப்புரம் பஸ் வந்தது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. நான் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.